கூடு வரையும் பலகை

தூக்கணாங்குருவி ஒரு பலகையைக் கண்டுபிடித்தது. அலகால் நாலு கோடு போட்டால் போதும், கூட்டின் முழுப் படமும் தானாக வந்துவிடும். காட்டில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் பலகையைத் தூக்கிக்கொண்டு காக்கையின் மரத்துக்கே போனது. "ஒரு மாசம் சும்மா வெச்சுப் பாருங்கண்ணே."

காக்கை போட்ட கோடெல்லாம் கோணிக்கொண்டு போயிற்று. "நகருங்கண்ணே, நானே போட்டுடறேன்" என்றது குருவி. மறுநாளும் வந்து படத்தில் கிளையைத் திருத்திக் கொடுத்தது. அடுத்த நாள் வாசலை மாற்றிக் கொடுத்தது.

காக்கை காடு முழுக்கச் சொல்லித் திரிந்தது. "இவ்வளவு சுலபமான பலகையை நான் பார்த்ததே இல்லை. நாம அலகே வைக்க வேண்டாம்."

மைனா கேட்டது, புறா கேட்டது. பொந்தில் குடியிருக்கும் மரங்கொத்திகூட ஒன்று கேட்டது. குருவி மரம் மரமாகப் பறந்து எல்லோருக்கும் வரைந்து கொடுத்தது.

மழை பிடித்த மாலையில் வீடு திரும்பி, "நம்ம பலகை பிச்சுக்கிட்டுப் போகுது" என்றது.

பாதி பின்னிய கூட்டில் நனைந்துகொண்டிருந்த பெண்குருவி கேட்டது. "அப்போ நம்ம கூட்டையும் அதுலயே வரைஞ்சிடலாமே?"

"வரையலாம்தான். நமக்கு யார் வந்து வரைஞ்சு கொடுப்பா?"