பதினைந்தாவது அட்டை

"பதினாலு தடவை," என்றாள் டார்லா. "இந்த ராய் டால்டன் பதினாலு தடவை பேச்சை மாத்தியிருக்கான். சும்மா சொல்லலை, எழுதியே வெச்சிருக்கேன்."

அவள் கையில் இருந்தது சமையல் குறிப்பு எழுதுகிற அட்டைக்கட்டு. ஒவ்வொன்றின் தலையிலும் 'டார்லாவின் அடுப்படியிலிருந்து' என்று அச்சடித்திருந்தது. கீழே ஆப்பிள் பை இருக்க வேண்டிய இடத்தில் அதிபர் வேட்பாளர் இருந்தார்.

"கேளுங்க. மார்ச் மாசம்: 'சோளத்துல வடிக்கற எத்தனால் எரிபொருள் சுத்த ஏமாத்து வேலை.' ஜூன் மாசம்: 'எத்தனாலுக்காக உயிரையே குடுப்பேன்.'"

நிறுத்தினாள். இடத்தைக் கடைசியில் சொல்வதுதான் அவள் பாணி. அப்போதுதான் உறைக்கும்.

"முதல்ல சொன்ன இடம், டெக்சாஸ் எண்ணெய்க் கிணறு. ரெண்டாவது, நம்ம அயோவா சோளக்காடு."

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். டார்லாவோடு சேர்த்துப் பதினைந்து பேர். டால்டனை எதிர்த்து நிற்கிற செனட்டர் வின்ஃபீல்டின் ஆட்கள். செனட்டர் வாயைத் திறந்தால் நமக்குக் கொட்டாவி வரும். ஆனால் பேச்சு மாறாத மனிதர்.

ஊர்ப் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில், கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற காக்கஸ் கூட்டம். வாக்குச்சீட்டு கிடையாது. யாருக்கு ஆதரவோ அவருடைய மூலையில் போய் நிற்க வேண்டும். பதினெட்டுப் பேர் சேராத மூலை கலைந்துவிடும். ஆள் பிடிக்க அரை மணி நேரம் உண்டு.

டார்லாவுக்கு இன்னும் மூன்று பேர் வேண்டும். எட்டு மாதம் பனியிலும் வெயிலிலும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியது கலைந்து போகவா?

முதலில் ஆர்டனைப் பிடித்தாள். இன்னும் எந்த மூலைக்கும் போகாத விவசாயி.

"என் நிலத்துல மூணு காற்றாலை நிக்குது, டார்லா. அந்த வாடகையிலதான் என் டிராக்டர் ஓடுது. உங்க செனட்டர் அதுல கை வெப்பாரா?"

'குழு அமைத்து ஆராய்வோம்' என்பதற்கு மேல் செனட்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"கை வெக்கறதா? இன்னும் நாப்பது வரும். வந்து நில்லுங்க."

பதினாறு.

ஆர்டன் காப்பி எடுக்க நகர்ந்து பத்து நிமிடத்தில், அவரைப் போலவே எந்த மூலையிலும் சேராத ஜாய்ஸ் வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அந்த ராட்சச விசிறிச் சத்தத்துல ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. வேற ஒண்ணும் கேக்கலை, இதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"இனிமே ஒண்ணுகூட வராது ஜாய்ஸ். நான் சொல்றேன். வா, நில்லு."

பதினேழு.

இதில் பொய் எங்கே இருக்கிறது? ஆராய்ந்தால் இரண்டில் ஒன்று வரத்தானே போகிறது. அவரவருக்கு வேண்டியதை எடுத்துச் சொன்னாள், அவ்வளவுதான்.

அவளுக்கு நேர் பின்னால் பெஞ்சில் வெர்லின் உட்கார்ந்து பனிபூட்ஸின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர். குளிர்காலம் முழுக்க அவள் வாசல் பனியையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிற மனிதர். தலையில் டால்டன் தொப்பி.

"உங்களுக்கு வெக்கமா இல்லையா வெர்லின்? ஊருக்கு ஒரு பேச்சு பேசறவனோட தொப்பியைப் போட்டுக்கிட்டு."

"அவன் புளுகறான்னு எனக்கும் தெரியும். ஆனா நம்ம ஊருக்கு நேர்ல வந்து புளுகறான். உன் செனட்டர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலையே."

"அதனால புளுகு நிஜமாயிடுமா? இந்தாங்க, நீங்களே படிங்க."

கட்டை அவர் மடியில் போட்டாள். வெர்லின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றுவிடாமல் படித்தார். பிறகு அடியிலிருந்த காலி அட்டை ஒன்றை உருவி, பேனாவை எடுத்தார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே. ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சு. சேத்துட்டேன்."

டார்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. டால்டனின் ஆளே டால்டனுக்கு எதிராகச் சாட்சி எழுதித் தருகிறார்.

"அப்ப எங்க பக்கம் வந்துடறீங்களா?"

"முதல்ல அதைச் சத்தமாப் படி. எங்க நிக்கறதுன்னு அப்புறம் பாக்கலாம்."

அவள் அதைப் படித்துப் பார்ப்பதற்குள் கூட்டத் தலைவர் மணி அடித்துவிட்டார். எண்ணுவதற்கு முன் மூலைக்கு ஒரு நிமிடம் பேசலாம். டார்லா நாற்காலி மேல் ஏறினாள். எத்தனாலைப் படித்தாள், கூடம் சிரித்தது. இறக்குமதி வரியைப் படித்தாள், டால்டன் மூலையிலேயே இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெர்லினின் அட்டையைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

"இது நான் எழுதினது இல்லை. டால்டனோட தொப்பிக்காரரே எழுதிக் குடுத்தது." அட்டையை உயர்த்திக் காட்டிவிட்டுப் படித்தாள். "'வேணும்னு கேட்டவர்கிட்ட: நாப்பது வரும். வேண்டாம்னு அழுதவங்ககிட்ட: ஒண்ணுகூட வராது. நடுவுல பத்து நிமிஷம்.' பத்தே நிமிஷம், கேட்டீங்களா? இப்படி ஒரு ஆளை நம்பி நாட்டைக் குடுக்கறதா?"

கூடம் கைதட்டியது. ஆர்டன் தட்டவில்லை. ஜாய்ஸும் தட்டவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இடத்தைச் சொல்லு, டார்லா," என்றார் வெர்லின், பெஞ்சிலிருந்து எழாமலே. "எப்பவும் கடைசியில சொல்லுவியே."

டார்லா அட்டையின் கடைசி வரிக்கு வந்தாள்.

'இடம்: இங்கேதான். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே.'