மாமியார் போன்

முடிச்சூரில் அந்த வீட்டுக்குப் புது வைஃபை மாட்டிவிட்டு, "எந்த செக்யூரிட்டி போடட்டும் மேடம்?" என்றான் பாலு.

"இருக்கறதுலயே கறாரானது. டபிள்யூபிஏ த்ரீ மட்டும்" என்றாள் மருமகள் சுபத்ரா.

"அது போட்டா பழைய போன்ல வைஃபை எடுக்காதே மேடம். உங்க மாமியார் போன்..."

"அதுல எடுக்க வேணாம். போடுங்க!"

சமையலறை வாசலில் நின்று மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பாலுவுக்கு மனசு கேட்கவில்லை. என்ன பொம்பளையோ என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே போட்டுக் கொடுத்தான்.

கிளம்பும்போது மாமியார் பின்னாலேயே வந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தான்.

"நானும் மருமவளும் கேட்டுக் கேட்டு அலுத்துட்டோம். புதுப் போன் வாங்கித் தரமாட்டேங்கறான் எம்புள்ள. இனிமே வாங்கித்தானே ஆவணும்?" என்று கிசுகிசுத்தாள். "அப்படியே எங்க பழைய டிவிக்கும் ஏதாச்சும் செட்டிங் இருக்குதா தம்பி?"