பூசைக்கு வைத்த வாள்

குத்துவிளக்கு மினுக்கிய பழப்புளியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. ஜெயமலர் அதை வாளின் அடிப்பாகத்தில் அப்பி, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரால் உரஞ்சினாள். பிடிக்குள் மறைந்திருந்த அந்த ஒரு சாண் இரும்பு முழுவதும் கறுத்த துரு. தேய்க்கத் தேய்க்க வெள்ளி மாதிரி வந்தது.

இதற்கு முன் அவள் அந்த வாளைத் தொட்டதில்லை. தொட அவளுடைய புருசன் மகேஸ்வரன் விட்டதில்லை. கனடாவில், அஜின்கோர்ட் வீட்டின் பேஸ்மென்டில், கண்ணாடி அலுமாரிக்குள், பழைய ஜப்பானிய வாள்களைச் சேர்த்து வைத்திருந்தான். வெள்ளைக் கையுறை போடாமல் ஒன்றையும் தூக்கமாட்டான். மூச்சு பட்டாலும் இரும்பு கெட்டுவிடும் என்று, வாளுக்கு முன்னால் நின்று வாய் திறந்து பேசவும் மாட்டான்.

எல்லாவற்றிலும் மூத்தது இதுதான். நானூறு வருடப் பழசு. அதை வாங்க ஜெயமலரின் சங்கிலியும் காப்பும் போயின. நல்ல விலை வந்ததும் விற்று, கொழும்பில் நிற்கும் அவளுடைய தம்பி பிரியந்தனைக் கனடாவுக்கு எடுப்பிப்பதாக அப்போது சொல்லியிருந்தான்.

பிரியந்தன் போன வருட இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்தை விட்டவன். வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இருந்தான். இரண்டு தடவை பொலிஸ் பிடித்துக்கொண்டுபோய்ப் பிறகு விட்டது. மூன்றாம் தடவை விடும் என்று சொல்ல ஆளில்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் காசுக்குக் காத்திருந்தான். வாளை வாங்க வன்கூவரிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் சனிக்கிழமை வருகிறார் என்று மகேஸ்வரன் சொல்லியிருந்தான்.

இன்று சரஸ்வதி பூசை. காலையில், மிசிசாகாவுக்கு வேலைக்குப் போகுமுன், மகேஸ்வரன் அந்த வாளை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். பிடி தனியாக, வாள் தனியாக மேசையில் வைத்தான். எண்ணெய் போடக் கழற்றியது என்றான். இதுவும் ஆயுதந்தானே, துப்பரவாக்கிப் பூசையில் வையும் என்றான்.

சாமி காரியம் என்றதும் மனிசன் இளகிவிட்டது என்று ஜெயமலர் நினைத்தாள். தம்பியை நினைத்துக்கொண்டு தேய்த்தாள். கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் கிடத்தினாள்.

பின்னேரம் மகேஸ்வரனோடு இக்னேசியஸும் தன் காரில் வந்து சேர்ந்தார். வோபர்னில் இருக்கும் அவர்தான் அவனுக்கு இந்த வாள் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர். வேதக்காரர் என்றாலும் ஒவ்வொரு வருடமும் அவலுக்கும் கடலைக்கும் தவறாமல் வருவார். படத்தடியைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"தங்கச்சி, உதை ஆர் மினுக்கினது?"

"நான்தான் அண்ணை. நல்லா வந்திருக்கு, என்ன?"

இக்னேசியஸ் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அந்தத் துருதான் வாளின் வயது என்றார். எத்தனை தலைமுறை கைமாறினாலும் பிடிக்குள் இருக்கும் துருவை ஒருவரும் துடைப்பதில்லை. வாங்க வருகிறவன் முதலில் பிடியைக் கழற்றி அதைத்தான் பார்ப்பான்.

"இனி உது தேங்காய் உடைக்கத்தான் சரி" என்றார்.

ஜெயமலர் புருசனைப் பார்த்தாள். "நீங்கள்தானே துப்பரவாக்கி வைக்கச் சொன்னனீங்கள்?"

"வாளையல்லோ சொன்னனான். பிடிக்குள்ளை கிடந்ததையே சொன்னனான்?"

அவன் கத்தவில்லை. அவளுடைய தோளில் கை வைத்தான். "சரி, விடும். தெரியாமல்தானே செய்தனீர்."

அடித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவள் பார்த்துக்கொண்டிருக்க வன்கூவருக்குப் போன் எடுத்து, வரவேண்டாம் என்று இங்கிலிஷில் சொன்னான். பிறகு போனை அவளிடம் நீட்டினான். தம்பியிடம் அவள் வாயாலேயே சொன்னால்தான் நல்லது, தான் சொன்னால் சாட்டுச் சொல்லுவதாக அவன் நினைப்பான் என்றான்.

கொழும்பில் அப்போதுதான் விடிந்திருந்தது. பிரியந்தன் முதல் மணியிலேயே எடுத்தான். எப்போது வெளிக்கிட வேண்டும் என்று கேட்டான்.

"தம்பி, நான்தான் எல்லாத்தையும் கெடுத்துப்போட்டன்."

நடந்ததைச் சொன்னாள். அத்தானோடு சண்டை பிடிக்கவேண்டாம் என்றான் அவன். அத்தான் பாவம், ஆசையாய் வாங்கின சாமான் என்றான். மாத முடிவோடு லொட்ஜை விடச் சொல்லியிருக்கிறார்கள், எங்கேயாவது பார்ப்பம் என்று சொல்லும்போது போன் கார்ட்டில் காசு முடிந்து இணைப்பு அறுந்தது.

ஜெயமலர் ரிசீவரை வைக்காமல் படத்துக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். தேய்த்த கையை மற்றக் கையால் அடித்தாள். திரும்பத் திரும்ப அடித்தாள்.

மகேஸ்வரன் இக்னேசியஸைக் கார் வரை கொண்டுபோய் விட வந்தான். வாசலெல்லாம் மேப்பிள் இலை நனைந்து கிடந்தது. அவளுடைய அழுகை அங்கேயும் கேட்டது. இருவரும் அது அடங்கட்டும் என்பதுபோல் சற்று நின்றார்கள்.

இக்னேசியஸ் காரில் ஏறி பெல்ட்டைப் போட்டார். கடலை சுற்றிய கடதாசிச் சரையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினார்.

"அப்ப, என்னட்டைக் கிடக்கிற ஒறிஜினலை எப்ப வந்து எடுக்கிறீர்?"