நர்ஸ் மாற்றிச் சொன்ன பிரசங்கம்

"நாளைக்கு அந்தப் பொண்ணு வேண்டாம். வேற ஆள் பார்த்தாச்சு" என்றார் பாஸ்டர், கோட்டைக் கழற்றி நாற்காலியில் வீசியபடி.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "யாரு, நர்ஸ் பொண்ணா? பாவங்க. டூட்டி முடிஞ்ச கையோட ஓடி வந்து நமக்காக நிக்குது."

"நிக்குது, இல்லங்கல. நான் சொல்ற மாதிரி சொல்லணுமில்ல? நான் தொண்டை கிழியக் கத்தினா, அது பக்கத்து வீட்டுக்காரிகிட்டப் பேசுற மாதிரி முணுமுணுங்குது. நான் கையை ஓங்கினா அது சிரிக்குது!"

"ஆனா ஜனங்க உருகி உருகி அழறாங்களே?"

"அது என் பிரசங்கத்தோட வல்லமை."

மனைவி வாய்க்குள் சிரித்துக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

கடல் தாண்டி அவர் வந்திருக்கும் முதல் ஊழியப் பயணம் இது. குழந்தைகள் ஆஸ்பத்திரியின் சின்ன ஜெப அறையில் ஒரு வாரமாகக் கூட்டம். கேட்க வருகிறவர்கள், மாடியில் படுத்திருக்கும் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள். அந்த ஊர் மொழியில் பாஸ்டருக்கு நலம் விசாரிக்கக்கூட வராது. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணான அந்த நர்ஸ்தான் அவருக்கு வாய்.

மறுநாள் கடைசிக் கூட்டம். புது மொழிபெயர்ப்பாளர், துறைமுக அதிகாரி, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அந்த ஊர்க்காரர். தமிழைப் புத்தகம் பார்த்துப் படித்தவர்.

"வணக்கம் போதகரே. தாங்கள் கூறுவதில் ஒரு சொல்லும் சிந்தாமல் எடுத்துரைப்பேன்."

பாஸ்டருக்கு வாயெல்லாம் பல்.

வாசலில் யூனிஃபார்மோடு மூச்சிரைக்க வந்த நர்ஸிடம், "இன்னைக்கு நீ ரெஸ்ட் எடும்மா" என்றார்.

"சரிங்க பாஸ்டர்." மறுபேச்சு இல்லாமல் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கூட்டம் ஆரம்பிப்பதற்குள் ஓர் அம்மா நேரே அவரிடம் வந்தாள். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அழுகையும் பேச்சுமாக என்னவோ கொட்டினாள்.

"என்ன சொல்றாங்க?"

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "இவருடைய மகன் இதய நோயோடு மேலே படுத்திருக்கிறான். தாய் சரியாக ஜெபிக்காததால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்று வீட்டார் ஏசினார்களாம். இவரும் அதை நம்பிவிட்டாராம். முதல் நாள் தாங்கள் கூறியதைக் கேட்ட பிறகுதான் பிள்ளையின் முகத்தை நேராகப் பார்க்க முடிந்ததாம்."

பாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்படியா! நான் சொன்னதுல எது பிடிச்சுதாம்?"

அதிகாரி கேட்டுச் சொன்னார்.

"'நன்றாக ஜெபிக்கிற வீட்டுக்கும் நோய் வரும். அது பெற்றவள் குற்றமில்லை. கடவுள் உன்மேல் கோபமாக இல்லை, உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்' என்றீர்களாம்."

பாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

முதல் நாள் அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னது வேறு. 'விசுவாசம் உள்ள வீட்டுக்குள் நோய் கால் வைக்காது. உங்கள் பிள்ளை படுத்திருக்கிறானா? உங்கள் விசுவாசத்தில் எங்கே ஓட்டை என்று பாருங்கள்!' வருஷக்கணக்காகச் சொந்த ஊரில் சொல்லிச் சொல்லிப் பேர் வாங்கிய பிரசங்கம் அது.

அந்த அம்மா இன்னும் கையை விடவில்லை. பாஸ்டர் மெதுவாக விலக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனார்.

"ஏம்மா மாத்திச் சொன்ன?"

நர்ஸ் எழுந்து நின்றாள். கண்கள் தளும்பின.

"தப்புதான் பாஸ்டர். நீங்க எழுதி வச்சதைப் பார்த்துப் பேசிட்டிருந்தீங்க. நான் அந்தம்மா முகத்தைப் பார்த்துட்டேன். வாய் வரல. நீங்களும் பார்த்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பீங்கன்னு தோணுச்சு."

கோபம் வரும் என்று அவரே எதிர்பார்த்தார். வரவில்லை. வந்ததெல்லாம் வெட்கம்தான்.

"வா. வந்து முன்னாடி நில்லு."

"ஐயோ, அந்த சார்..."

"அவர் உட்காரட்டும். ஒரு சொல்லும் சிந்தாதுன்னார். இன்னைக்கு நாலு சொல் சிந்தினாத்தான் எனக்கு நல்லதுன்னு படுது."

நர்ஸுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அன்று அவர் கையில் காகிதம் இல்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களின் முகங்களையும் பார்த்தார். சத்தம் போடவில்லை. தட்டுத்தடுமாறித்தான் பேசினார்.

"ஜெபிக்கிற வீட்டுக்கும் நோய் வரும். பிள்ளை படுத்துட்டா அது அம்மாவோட குத்தம் இல்ல. யாராவது அப்படிச் சொன்னா நம்பாதீங்க. பாஸ்டரே சொன்னாலும் நம்பாதீங்க."

நர்ஸ் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

கூட்டம் முடிந்து எல்லோரும் மாடிக்குப் போய்விட்டார்கள். முன்வரிசையில் மனைவி மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். முந்தானை நனைந்திருந்தது.

பாஸ்டர் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னம்மா? நீ எதுக்கு அழற?"

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நம்ம பாப்பா காய்ச்சல்ல போனதிலேர்ந்து, உங்க வாயால இந்த ஒரு வார்த்தை வராதான்னுதாங்க காத்துக்கிட்டிருந்தேன்."