ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி

“எழிலன் பெங்களூர்ல வேலைக்குப் போயிருக்கான்மா. தீபாவளிக்குத்தான் வருவான்” என்றார் தங்கராசு. சொல்லிவிட்டு, தன் பெயிண்ட் கடைக்குள் நுழைந்திருந்த அந்தப் புது முகத்துக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அந்த அம்மாள் உட்காரவில்லை. தன் பெயர் தனகோட்டி, ஊர் குடியாத்தம், எழிலனின் சிநேகிதன் வளவனுக்கு அம்மா என்றார். அனந்தபுரத்தில் ஒரு கல்யாணமாம். செஞ்சி வழியாகத்தானே திரும்புகிறோம், பையனை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடலாமென்று பழைய கூரியர் கவரில் இருந்த விலாசத்தோடு வந்தாராம்.

எழிலன் பெங்களூரில் இல்லை. ஐப்பசி மழையில் திண்டிவனம் ரோட்டில் பைக் சறுக்கி, ஒரேயடியாகப் போய்விட்டான். மாலை போட்ட படம் வீட்டில் தொங்குகிறது. கடையில் மாட்ட மட்டும் அவர் விடவில்லை.

காரியம் முடிந்த வாரம் மகனுடைய போனில் ஒரு செய்தி வந்தது. ‘மச்சி, கேள்வி ரெடியா?’ அனுப்பியது வளவன். பையன்கள் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. அவர்களைச் சேர்த்துவைத்தவன் இடிவேலன்.

இடிவேலன் என்பது வருஷக்கணக்காக வந்துகொண்டிருக்கும் சூப்பர் ஹீரோ காமிக்ஸ். எந்த வில்லன் எப்போது செத்தான், எந்த இதழில் பிழைத்து வந்தான் என்பதெல்லாம் எழுதுகிறவர்களுக்கே மறந்துபோகும். அதற்கென்றே படம் போட்ட கையேடுகள் தனியாக வரும். அதை வைத்து ஞாயிறுதோறும் ஒருவனை ஒருவன் கேள்வி கேட்டு மடக்குவதுதான் பையன்களின் வழக்கம்.

மகன் இல்லை என்று அடிக்கத்தான் அன்றைக்குத் தங்கராசு போனை எடுத்தார். விரல் வரவில்லை. உலகத்தில் ஒருத்தனுக்காவது தன் பிள்ளை உயிரோடு இருக்கட்டுமே என்று தோன்றியது. அலமாரியிலிருந்து கையேட்டை எடுத்து, ஒரு கேள்வியைத் தேடி அனுப்பிவிட்டார்.

எமல்ஷனையும் டிஸ்டம்பரையும் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர் அவர். ஒரு கதைப் புத்தகத்தைக்கூடப் படித்ததில்லை. ஆனால் கையேட்டை மட்டும் பரீட்சைக்குப் படிக்கிறவரைப் போல் உருப்போட்டார்.

முதலில் வளவன் லேசில் விடவில்லை. கையேட்டுக்காரனுக்கு என்ன தெரியும், கதையைப் படித்துவிட்டு வந்து பேசு என்று மல்லுக்கு நிற்பான். பங்குனியிலிருந்து பையன் சாதுவாகிவிட்டான்.

ஒரு தடவை, இடிவேலனின் கண்ணாடிக் கண் இடது பக்கம் என்று கையேட்டில் இருந்தபடியே தங்கராசு எழுதிவிட்டார். பிறகு சந்தேகம் வந்து கதைகளைப் புரட்டினால் படத்துக்குப் படம் அது வலது பக்கம் இருந்தது. தொலைந்தோம், இன்றைக்கு மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார். ‘கரெக்டு மச்சி’ என்று பதில் வந்தது. படிப்பு ஜாஸ்தி போலிருக்கிறது, சண்டை போட நேரமில்லை என்று எடுத்துக்கொண்டார்.

இப்போது அவன் அம்மாவே எதிரில் நிற்கிறார். ஒரு வார்த்தை வாய் தவறினால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் கையை விட்டுப் போய்விடும்.

“வளவன் வரலியாம்மா?” என்று பேச்சை மாற்றினார்.

“அவனுக்குப் பரீட்சைண்ணா.” தனகோட்டி பையிலிருந்து கையேட்டின் புதுப் பதிப்பை எடுத்து நீட்டினார். “இத்த எழிலன்கிட்ட குடுத்துடுங்க. புதுசு வந்ததும் அவனுக்கு வாங்கி அனுப்பணும்னு சொல்லினே இருந்தான்.”

தங்கராசு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அட்டையில் இடிவேலன் ஒரு மலைமேல் நின்று இடியைக் கையில் பிடித்திருந்தான்.

“எழிலன் நல்லா இருக்கான் இல்லண்ணா?”

“இருக்கான்மா.”

முன்பெல்லாம் இந்தப் பொய்யைச் சொல்லும்போது நெஞ்சை அடைக்கும். இப்போது ஒன்றும் ஆகவில்லை. டின் விலை சொல்வதுபோல் தானாக வந்தது. அழுகை வந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

டீ சொல்கிறேன் என்றதற்கு வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, தனகோட்டி ரோட்டைத் தாண்டிப் போய் பஸ்ஸுக்கு நின்றார். புத்தகம் வந்ததற்கு எழிலன் இரண்டு வரி எழுதாவிட்டால் வளவன் என்ன நினைப்பான்? தங்கராசு சட்டைப் பையிலிருந்து மகனுடைய போனை எடுத்தார்.

‘மச்சி, உங்கம்மா கடைக்கு வந்தாங்கன்னு நைனா சொன்னாரு. புக்குக்குத் தேங்க்ஸ். இன்னைக்குக் கேள்வி உன் முறை.’

எதிர்ப்பக்கம் தனகோட்டி தன் பையைத் திறப்பது தெரிந்தது. முதுகில் இடிவேலன் ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு போனை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தேடி ஒற்றை விரலால் அடித்தார்.

அவர் விரலை எடுத்ததும் தங்கராசு கையில் போன் அதிர்ந்தது.

‘ஓகே மச்சி. ராத்திரி கேக்கறேன்.’

தங்கராசு நிமிர்ந்து பார்த்தார். தனகோட்டி அவர் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் திருவண்ணாமலை பஸ் வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அது போன பிறகும் அந்த அம்மாள் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

பிறகு ரோட்டைத் தாண்டி மறுபடி கடைக்கு வந்தார். முன்பு உட்காராத ஸ்டூலில் உட்கார்ந்தார். போனை மடியில் வைத்துக்கொண்டார்.

“எங்க வளவன் மாசி மாசம்ணா” என்றார். “உங்க புள்ள?”