மூடியில்லாத தொட்டி

பரணில் கிடந்த பழைய இரும்புத் தண்ணீர்த்தொட்டியை அறுத்து இறக்க, முப்பது வருடம் இதே வேலையில் ஊறிப்போன வெல்டர் வந்திருந்தார். தொட்டிக்கு மூடியே இல்லை. விரல் நுழையும் அளவில் இரண்டு குழாய்த் துளைகள் மட்டும்தான். ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பக்கத்தை அறுத்து, உள்ளே டார்ச் அடித்தவர் வீட்டுக்காரியைக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்கம்மா, இதச் செஞ்சவரு எல்லா மூலையையும் உள்ள இருந்தே வெல்டிங் பத்த வெச்சிருக்காரு. ஒரு நூல் பிசகில்ல. இந்தக் கைக்கு முன்னாடி நான்லாம் நிக்கவே முடியாது!"

ஏணியில் நின்ற வீட்டுக்காரி கேட்டாள்: "அப்போ அந்த மனுஷன் எப்படி வெளிய வந்தாரு?"

அவர் டார்ச்சைத் தாழ்த்தினார். தொட்டிக்குள், வாசலில் கழற்றிவிட்டதுபோல, ஒரு ஜோடி செருப்பு மட்டும் இரும்புச் சுவரைப் பார்த்து இருந்தது.

அவர் தன் செருப்பையும் மரியாதையாகக் கழற்றி, அதன் பக்கத்தில் வைத்தார்.