திறக்காத கப்பல் சன்னல்

துறைமுக ஏலத்தில் எடுத்த கப்பல் சன்னல் ராயபுரத்து வீட்டின் அடுப்பங்கரைச் சுவரில் பளபளக்கிறது. விரல் தடிமனில் வட்டக் கண்ணாடி, சுற்றிலும் பித்தளை, திறக்கவே திறக்காது. மத்தியான வெயில் அதன் வழியாக இறங்கித் தரையில் தாம்பாளம்போலக் கிடக்கிறது. பழைய மரச் சன்னலைப் பெயர்த்துவிட்டு நேற்றுதான் இதைப் பதித்தார்கள். "மேல ஒரு பொகைப்போக்கி வுட்ரலாம் பாய், காத்து போவ வோணாமா?" என்ற கொத்தனார் சுப்பராயனை, "கப்பல்ல எவனாச்சும் ஓட்டை போடுவானா? முழுகிடாது?" என்று மடக்கி அனுப்பிவிட்டார் கயிற்றுக்கடை கமாலுதீன். இப்போது அவர் மனைவி ஷரீஃபுன்னிசா மீன் வறுக்கிறாள். விறகு வேறு ஈரம். புகை பழைய பழக்கத்தில் நேரே சன்னலுக்குப் போகிறது, கண்ணாடியில் முட்டிக்கொள்கிறது, சரி, வீட்டையாவது சுற்றிப் பார்ப்போம் என்று திரும்பி வருகிறது. "இன்னாங்க, மூச்சு முட்டிக்கினு கீது. வாசக்கதவயாச்சும் தொறக்கட்டுமா?" என்று முந்தானையால் மூக்கைப் பொத்துகிறாள். "தொறக்காதே! தெருவுல பொகை போனா கொத்தனாரு பாத்துடுவான். மானம் கப்பலேறிடும்." கண்ணில் நீர் வழிய, கமாலுதீன் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொள்கிறார். வெளியே சந்தில், புதுச் சன்னலைப் பார்க்கவென்றே வந்த தோஸ்து தாவூது நிற்கிறார். "எப்டி கீது?" என்று இவர் கத்துவது கண்ணாடியைத் தாண்டவில்லை. தாவூதுக்குத் தெரிவதெல்லாம் வட்டத்துக்குள் ஒரு முகம், பின்னால் புகை, கன்னத்தில் கண்ணீர். ரங்கூனுக்குப் போகிற சொந்தக்காரனை வழியனுப்புவதுபோல் அவர் மெள்ளக் கையசைக்கிறார். இருமிக்கொண்டே கமாலுதீனும் கையசைக்கிறார்.